முதல் ரெகுலேட்டர்: பிஸ்டனா, டயாஃப்ரமா?

கரையோர நண்டு:
இதுவரை 34 ஸ்கூபா டைவ் முடித்திருக்கிறேன், எல்லாமே வாடகை ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி). இனி சொந்தமாக ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவெடுக்க வைத்தது போன மாதம் போன டைவ்தான். 26 மீட்டர் ஆழம், சிலிண்டரில் மிச்சம் 70 பார் அழுத்தம். திடீரென்று மூச்சை இழுக்கவே சிரமமாகிவிட்டது, பாதி அடைத்துக்கொண்ட ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரி. போதாததற்கு ஒவ்வொரு மூச்சிலும் இரண்டு சொட்டு உப்புத்தண்ணீர். மெதுவாக 10 மீட்டருக்கு ஏறி வந்ததும் மூச்சு சுலபமானது, உப்புத்தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. கரைக்கு வந்து சொன்னால், "பதட்டப்பட்டிருப்பீர்கள்" என்றார்கள். பதட்டம் அப்புறம்தான் வந்தது!

இப்போது கையில் இரண்டு பெயர்கள்: ஸ்கூபாப்ரோ எம்கே25 – எஸ்600 (பிஸ்டன் வால்வை இயக்கும் வகை), ஏபெக்ஸ் எக்ஸ்டிஎக்ஸ்50 (டயாஃப்ரம், அதாவது வளையும் ரப்பர் தகடு வால்வை இயக்கும் வகை). பெரும்பாலும் இறங்குவது வெதுவெதுப்பான கடலில். ஆனால் என்றாவது ஒரு மலை ஏரியில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது. எதை எடுக்கலாம்? சிலிண்டரில் மாட்டும் முனை டிஐஎன்னா (திருகுவது), யோக்கா (கவ்விப் பிடிப்பது) என்பதிலும் குழப்பம்.

ஆழம் பார்த்தவன்:
முதலில் உங்கள் 26 மீட்டரைப் பார்ப்போம். அங்கே அழுத்தம் 3.6 பார். நீங்கள் இழுக்கிற காற்றும் மேலே இருப்பதைப்போல 3.6 மடங்கு அடர்த்தி. சுமாரான ரெகுலேட்டரின் குட்டு அங்கேதான் வெளிப்படும்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜின், அதாவது சிலிண்டரில் மாட்டும் பகுதியின் வேலை, சிலிண்டரின் 200 பாரை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட ஒன்பது பத்து பார் கூடுதல் என்ற அளவுக்கு இறக்கி ஹோஸுக்குள் அனுப்புவது. பேலன்ஸ் செய்யாத, அதாவது சிலிண்டர் அழுத்தம் மாறுவது வால்வைப் பாதிக்காதபடி சமன் செய்யாத பிஸ்டனில், சிலிண்டர் காற்றும் சேர்ந்து தள்ளித்தான் வால்வு திறக்கிறது. சிலிண்டர் காலியாகக் காலியாக அந்தத் தள்ளல் குறையும், ஹோஸில் இருக்கும் அழுத்தமும் கூடவே இறங்கும். ஆழமும் குறைந்த காற்றும் சேர்ந்துகொண்டால் நீங்கள் சொன்ன ஸ்ட்ராதான். வாடகைக்குப் பெரும்பாலும் இந்த வகையைத்தான் வைத்திருப்பார்கள். உள்ளே பாகங்கள் குறைவு, முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். மோசமான சாமான் என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காகப் பராமரித்ததாக இருந்தால் 70 பாரில் இவ்வளவு படுத்தியிருக்காது.

நீங்கள் சொன்ன இரண்டுமே பேலன்ஸ்டு. அதாவது உங்களைப் பயமுறுத்திய விஷயம் இரண்டிலுமே கிடையாது. வெதுவெதுப்பான கடலில் கண்ணைக் கட்டிக்கொண்டு மூச்சு விட்டால், எது பிஸ்டன் எது டயாஃப்ரம் என்று என்னால் சொல்ல முடியாது. 600 டைவுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் முடியாது.

முடிவு செய்யப்போவது அந்த ஏரிதான். அழுத்தம் சட்டென்று இறங்கும்போது காற்று கடுமையாகக் குளிரும். சாதாரண பிஸ்டன் வகையில் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் தண்ணீர் நேராகப் போய்வரும். தண்ணீரே 5 டிகிரி என்றால் அங்கே பனிக்கட்டி பிடிக்கலாம். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் காற்று நிற்காமல் கொட்டும். எனக்கு ஒரு தடவை 18 மீட்டரில் அப்படி ஆனது. குமிழிகளுக்கு நடுவே அழுத்தமானியின் முள் கண்ணெதிரே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். எக்ஸ்டிஎக்ஸ்50-இன் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அடைத்து மூடியது, தண்ணீர் ஸ்பிரிங்கைத் தொடாது. மணலும் உப்பும் உள்ளே போகாது என்பது கூடுதல் லாபம். குளிரைத் தாங்கும்படி செய்த பிஸ்டன்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. எதை எடுத்தாலும் 10 டிகிரிக்குக் கீழே அனுமதி உண்டா என்று கையேட்டில் பாருங்கள். ஆக்டோபஸுக்கும் (கூடவே வரும் உபரி வாய்ப்பகுதி) அதே கேள்வியைக் கேளுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, திட்டினாலும் பரவாயில்லை: 26 மீட்டரில் 70 பாரோடு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அதற்கு முன்பே ஏற ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஓ-ரிங்:
ரெகுலேட்டர் பிரித்துக் கோர்ப்பதுதான் என் வேலை. அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் வாங்கும் முன் ஒரே ஒரு விசாரணை: உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் அந்த மாடலைப் பிரிக்கத் தெரிந்தவர் யார், உதிரி பாகம் அவரிடம் இருக்கிறதா? வருஷத்துக்கு ஒரு தடவை சோதனை வேண்டும், கையேடு சொல்லும் கணக்குப்படி சர்வீஸும் வேண்டும். சர்வீஸுக்கு ஆள் இல்லாத உயர்ந்த ரெகுலேட்டரைவிட, ஆள் இருக்கிற சாதாரண ரெகுலேட்டர் மேல்.

டிஐஎன் எடுங்கள். அதில் ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ரெகுலேட்டரின் மேலேயே இருக்கும், வால்வுக்குள் திருகியதும் சிறைப்பட்டுவிடும். யோக்கில் ஓ-ரிங் சிலிண்டர் வால்வில் இருப்பது, யாரோ ஒருவருடைய பழைய ஓ-ரிங்கை நீங்கள் நம்ப வேண்டும். யோக்குக்கு 232 பார்தான் எல்லை. யோக் வால்வு மட்டும் இருக்கும் இடத்துக்குப் போனால் ஒரு அடாப்டர் போதும்.

உப்புத்தண்ணீர் சொட்டுக்கு வருகிறேன். அதற்கும் பேலன்ஸுக்கும் சம்பந்தமில்லை. அடுத்த தடவை சிலிண்டரில் மாட்டுவதற்கு முன், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியைப் போட்டபடியே, ஹோஸின் மறுமுனையில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். காற்று வரவே கூடாது. வந்தால் எங்கேயோ ஓட்டை. முதலில் மவுத்பீஸை (பல்லால் கவ்வும் ரப்பர்) பாருங்கள், அதைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில்.

கரையோர நண்டு:
இருவருக்கும் நன்றி. 70 பார் விஷயத்தில் திட்டு வாங்கியது நியாயம்தான், ஆமையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பக்கத்தில் சர்வீஸ் செய்பவரிடம் விசாரித்தேன். இரண்டு மாடலையும் பிரிப்பார், இரண்டுக்கும் பாகம் வைத்திருக்கிறார். அதனால் ஏரியை மனதில் வைத்து டயாஃப்ரம், டிஐஎன் என்று முடிவு செய்துவிட்டேன்.

நேற்று அதே வாடகை செட்டை வாங்கி உறிஞ்சிப் பார்த்தேன். மெல்லிய விசில் சத்தத்தோடு காற்று வந்தது. பட்டையை நகர்த்தினால், அடிப்பக்கத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கிழிசல், அரை விரல் நீளம். கழற்றி, கடலோரம் "பதட்டம்" என்று சொன்னவரிடமே கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் வேறொரு செட்டை எடுத்து வந்தார். அதையும் வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டேன்.