துண்டு போட்டால் நாற்காலி சொந்தமா?

ஜெலுத்தோங் ராஜா (இரவு 8:41)

"விடியற்காலை எழுந்து துண்டு போட்டவருக்கே நாற்காலி. எட்டு மணி வரை தூங்குகிறவர்கள் குளத்தைச் சுற்றி நிற்கட்டும்." கப்பல் சுற்றுலாத் திரியில் தண்ணீர்மலை அக்கா நேற்று எழுதியது இது. அதற்குப் பதினேழு பேர் விருப்பம் வேறு போட்டிருக்கிறார்கள். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அதனால்தான் தனித் திரி.

போன பள்ளி விடுமுறையில் இங்கே பினாங்கில் சுவெட்டன்ஹம் துறையில் ஏறி, பூக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் குடும்பத்தோடு போனேன். கப்பல் பெயர் வேண்டாம். கரை தொடாத நாள் அது. காலை 8:50-க்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். அவருக்கு 74 வயது, முட்டி வலி. குளத்தடியில் அறுபது எழுபது சாய்வு நாற்காலி இருக்கும். ஆட்கள் ஒன்பது பேர். மற்றதில் எல்லாம் துண்டுதான் படுத்திருந்தது. துண்டுக்கு மேல் தொப்பி, துண்டுக்கு மேல் கிரீம் புட்டி. ஒன்றின் மேல் ஒற்றைச் செருப்பு. ஜோடி கூட இல்லை!

அரை மணி நேரம் ஆள் இல்லாவிட்டால் பொருள் அகற்றப்படும் என்று தூணில் பலகை இருந்தது. நான் 38 நிமிடம் காத்திருந்தேன். அப்புறம்தான் செருப்பை ஓரமாக வைத்து, துண்டை மடித்து வைத்து, அப்பாவை உட்கார வைத்தேன். பத்தே காலுக்கு ஓர் அம்மா ஈரம் படாத தலையோடு வந்து, "பெரியவருக்கு மரியாதை தெரியாதா?" என்று கேட்டார். என்னை இல்லை, அப்பாவை.

துண்டும் கப்பலுடையது, நாற்காலியும் கப்பலுடையது. கப்பல் சாமானைத் தூக்கிக் கப்பல் சாமான் மேல் போட்டால் அது எப்படி உங்களுடையது ஆகும்? அக்கா பதில் சொல்லட்டும்.

தண்ணீர்மலை அக்கா (இரவு 8:55)

சொல்கிறேன் தம்பி. பலகையில் அரை மணி என்று இல்லை. 40 நிமிடம். அதே பாதையில் நான் மூன்று முறை போயிருக்கிறேன், மூன்று முறையும் படித்திருக்கிறேன். நீங்கள் எடுத்தது 38-ஆவது நிமிடத்தில். ரெண்டு நிமிடம் முன்னாலேயே அடுத்தவர் பொருளில் கை வைத்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். முப்பத்தோரு வருஷம் தமிழ்ப்பள்ளியில் கணக்கு நடத்தியவள் நான். 38, 40-ஐ விடச் சிறியது.

ஜெலுத்தோங் ராஜா (இரவு 8:58)

பலகையில் 30 அக்கா. முப்பது. மூன்று, பூஜ்யம். நான் எட்டு நிமிடம் கூடுதலாகவே நின்றேன்.

தண்ணீர்மலை அக்கா (இரவு 9:01)

நாற்பது.

பிறை நைட் ஷிப்ட் (இரவு 9:06)

ஒரு சந்தேகம். 'இடம் பிடிப்பது' என்று எதைச் சொல்கிறோம்? நாற்காலியில் இருந்தவர் எழுந்து குளத்தில் ஒரு முக்குப் போட்டு வருவதும், ஆறு மணிக்குத் துண்டை விரித்துவிட்டு அறைக்குப் போய்த் திரும்பத் தூங்குவதும் ஒன்றா? அதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது. அப்புறம் இன்னொன்று: டிசம்பரில் முதல் தடவையாகப் போகிறோம். துண்டு அவர்களே தருவார்களா, வீட்டிலிருந்து கொண்டு போகவேண்டுமா?

செந்தூல் சிங்கம் (இரவு 9:10)

பினாங்குக்காரர்கள் நாற்காலி பிடிப்பதைப் பற்றி நியாயம் பேசுவதைப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு முன்னால் பொதுச் சாலையில் பூந்தொட்டி வைத்துக் காடி நிறுத்தும் இடத்தைப் பிடிப்பவர்கள் நீங்கள். மாநகர் மன்றம் வந்து அள்ளிக்கொண்டு போனால் மறுநாள் வேறு தொட்டி. கப்பலில் தொட்டி கிடைக்கவில்லை, செருப்பு வைத்தீர்கள். அவ்வளவுதானே?

தண்ணீர்மலை அக்கா (இரவு 9:14)

கோலாலம்பூரில் பேரங்காடிக்குப் போயிருக்கிறேன் தம்பி. அங்கே காடி இடத்தில் மனைவியை இறக்கிவிட்டு, அவர் கையை விரித்துக்கொண்டு நிற்க, கணவர் ரெண்டு சுற்று சுற்றி வருவார். நாங்கள் தொட்டியைத்தான் நிறுத்துகிறோம். நீங்கள் கட்டின பெண்டாட்டியை நிறுத்துகிறீர்கள்.

செந்தூல் சிங்கம் (இரவு 9:16)

ஆள் நிற்பது வேறு, தொட்டி நிற்பது வேறு. ஆள் இருந்தால்தான் இடம்.

ஜெலுத்தோங் ராஜா (இரவு 9:17)

நன்றி சிங்கம்! அதைத்தானே நானும் சொல்கிறேன். ஆள் இருந்தால்தான் இடம்.

செந்தூல் சிங்கம் (இரவு 9:19)

உங்களுக்கு ஆதரவாகப் பேசவில்லை. போன வருஷம் ரொட்டி சானாய் திரியில் நீங்கள் என்னை என்ன சொன்னீர்கள் என்று மறக்கவில்லை.

கப்பல் மச்சான் (இரவு 9:31)

நாலு காண்டிராக்ட் கப்பலில் வேலை செய்தவன். குளத்துத் துண்டுக் கவுண்டரிலும் இருந்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

அக்காவும் ராஜாவும் ரெண்டு பேருமே சரியாக இருக்கலாம். ராயல் கரீபியன் கப்பல்களில் 30 நிமிடம். கார்னிவல் கப்பல்களில் 40. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நடைமுறை என்னவென்றால், ஆள் இல்லாத நாற்காலியைப் பார்த்த சிப்பந்தி அதில் மணி எழுதிய சீட்டை ஒட்டுவார். கெடு முடிந்து திரும்பி வரும்போதும் ஆள் இல்லை என்றால் பொருட்களை எடுத்துத் துண்டுக் கவுண்டரில் வைப்பார்கள். அதாவது நேரம் ஓட ஆரம்பிப்பது நீங்கள் துண்டு போட்டபோது இல்லை, சீட்டு ஒட்டியபோது. ராஜா சார், அந்த நாற்காலியில் சீட்டு இருந்ததா?

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கப்பலிலும் ஏறியவர்கள் எண்ணிக்கைக்கு நாற்காலி கிடையாது. துறைமுகம் தொடும் நாளில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள், பிரச்சினை தெரியாது. கடலிலேயே இருக்கும் நாளில்தான் சண்டை. சிப்பந்தி துண்டை எடுத்தால் எடுக்கப்பட்டவர் புகார் எழுதுவார். எடுக்காவிட்டால் நிற்பவர் புகார் எழுதுவார். கடைசி நாள் கருத்துத் தாளில் ரெண்டுமே நம் தலையில்தான் விழும். அதனால் நாங்கள் பெரும்பாலும் வேறு பக்கம் துடைத்துக்கொண்டிருப்போம்.

தண்ணீர்மலை அக்கா (இரவு 9:35)

கார்னிவலில் 40. பார்த்தீர்களா தம்பி? உள்ளே இருந்தவரே சொல்லிவிட்டார்.

ஜெலுத்தோங் ராஜா (இரவு 9:36)

ராயல் கரீபியனில் 30. பார்த்தீர்களா அக்கா? உள்ளே இருந்தவரே சொல்லிவிட்டார்.

கப்பல் மச்சான் (இரவு 9:38)

நீங்கள் போனது எந்தக் கம்பெனி என்றே ரெண்டு பேரும் சொல்லவில்லையே.

ரஜுலா பேரன் (இரவு 9:52)

1926-இல் கட்டிய ரஜுலா கப்பலில் எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்குக்கு வந்தார். தளத்துப் பயணி. கேபின் எல்லாம் துரைமார்களுக்கு. ஏறியவுடன் எல்லோரும் ஓடுவார்களாம். காற்று வரும் இடமாகப் பார்த்து, சமையல் புகையும் கக்கூஸ் நாற்றமும் எட்டாத இடமாகப் பார்த்துப் பாயை விரித்து, தலைமாட்டில் டிரங்குப் பெட்டியை வைத்துவிட்டால் இறங்கும் வரை அது அவர் இடம். யாரும் கை வைக்க மாட்டார்கள். பலகையும் கிடையாது, சீட்டும் கிடையாது.

தண்ணீர்மலை அக்கா (இரவு 9:55)

கேட்டுக்கொள்ளுங்கள். பாய் போட்டவருக்கே இடம். நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்த வழியே அப்படி. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்காத தமிழன் உண்டா? தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பார்க்க ஜாலான் உத்தாமாவில் நாங்கள் மத்தியானமே பாய் விரித்துவிடுவோம். இன்றுவரை ஒருவரும் அதைச் சுருட்டி ஓரமாக வைத்ததில்லை. 38 நிமிடத்தில் சுருட்டியதில்லை.

ஜெலுத்தோங் ராஜா (இரவு 9:59)

அக்கா, பேரனின் தாத்தா அந்தப் பாயில் படுத்திருந்தார்! ஒற்றைச் செருப்பை வைத்துவிட்டு, பசியாறப் போய், ரெண்டாவது தட்டு நூடல்ஸ் போட்டுக்கொண்டு, கடையில் கைக்கடிகாரம் விலை பார்த்துவிட்டுப் பத்தே காலுக்கு வரவில்லை.

தண்ணீர்மலை அக்கா (இரவு 10:00)

அந்த அம்மா எத்தனை தட்டு சாப்பிட்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பின்னாலேயே போனீர்களா?

பத்து ஃபெரிங்கி ஒளி (இரவு 10:03)

ரதம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2017-இல் வெள்ளி ரதத்தோடு தங்க ரதமும் வந்ததிலிருந்து எங்கே பாய் விரிப்பது என்றே குழப்பம். யாரைக் கேட்டுக்கொண்டு

மட்டுறுத்துநர் (இரவு 10:04)

ரதப் பேச்சு இந்தத் திரியில் வேண்டாம். போன முறை மூன்று பேரைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. நாற்காலியை மட்டும் பேசுங்கள்.

செந்தூல் சிங்கம் (இரவு 10:11)

எங்கள் பெரியப்பாவும் ரஜுலாவில்தான் வந்தார், 1975-இல். சுவெட்டன்ஹம் துறைமுகத்தில் இறங்கினார். அது கிள்ளான் பக்கம். பினாங்கில் இருப்பதாக ராஜா ஏன் எழுதுகிறார்?

ரஜுலா பேரன் (இரவு 10:16)

1973-க்கு அப்புறம் அந்தப் பாதையில் ரஜுலா ஓடவில்லை. பிறகு ஓடியது சிதம்பரம் கப்பல். 1985-இல் தீப்பிடித்ததே, அது. பெரியப்பா அதில் வந்திருப்பார். கிள்ளானில் இருந்த போர்ட் சுவெட்டன்ஹம் 1972-இலேயே போர்ட் கிள்ளான் ஆகிவிட்டது. ஜார்ஜ்டவுனில் இருப்பது சுவெட்டன்ஹம் பியர். ஒரே துரையின் பெயர், ரெண்டு இடம்.

செந்தூல் சிங்கம் (இரவு 10:18)

பெரியப்பா பொய் சொல்கிறார் என்கிறீர்களா?

ரஜுலா பேரன் (இரவு 10:19)

கப்பல் பொய் சொல்லாது என்கிறேன்.

பாயான் லெப்பாஸ் கணக்கன் (இரவு 10:27)

காசு வாங்கினால் தீர்ந்தது. 2018-இல் தாமஸ் குக் கம்பெனி தன் ஹோட்டல்களில் சாய்வு நாற்காலியை முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்யும் திட்டம் கொண்டுவந்தது. நாற்காலிக்குப் பத்து வெள்ளி என்று வைத்துப் பாருங்கள், ஒரு துண்டும் படுத்துக் கிடக்காது.

செந்தூல் சிங்கம் (இரவு 10:29)

அந்தக் கம்பெனி 2019-இல் திவால்.

பாயான் லெப்பாஸ் கணக்கன் (இரவு 10:30)

நாற்காலியால் இல்லை.

தண்ணீர்மலை அக்கா (இரவு 10:42)

ராஜா தம்பிக்கு ஒரு கேள்வி. பூக்கெட் நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கப்பல் அந்தப் பக்கம் போகும்போது போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். எனக்கே மாறியது, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் வாசலில் நின்றேன். அப்படியிருக்க 8:50 என்று நீங்கள் பார்த்தது எந்த நேரம்? 38 நிமிடம் என்று கணக்கிட்டது எந்த நேரத்தை வைத்து? ஒரு வேளை நீங்கள் போனதே நம் நேரம் 9:50-ஆக இருந்தால்?

ஜெலுத்தோங் ராஜா (இரவு 10:45)

கைக்கடிகாரம் அக்கா. முள் வைத்தது. அப்பாவுடைய பழைய சீக்கோ. அதற்குத் தாய்லாந்தும் தெரியாது, மலேசியாவும் தெரியாது. 38 நிமிடம் என்றால் 38 நிமிடம். எந்த நாட்டிலும் நிமிடத்துக்கு அறுபது விநாடிதான்.

தண்ணீர்மலை அக்கா (இரவு 10:47)

பழைய சீக்கோ மெதுவாக ஓடும். வேகமாகவும் ஓடும்.

கப்பல் மச்சான் (இரவு 10:50)

சீட்டு ஒட்டியிருந்ததா என்று கேட்டேனே?

ஜெலுத்தோங் ராஜா (இரவு 10:52)

மச்சான், சீட்டு ஒட்ட ஆள் இருந்தால் நான் ஏன் 38 நிமிடம் நிற்கிறேன்? எல்லோரும் வேறு பக்கம் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர்மலை அக்கா (இரவு 11:02)

அப்படியானால் சீட்டு இல்லை. சீட்டு இல்லை என்றால் நேரமே தொடங்கவில்லை. நேரம் தொடங்கவில்லை என்றால் 38 கூட இல்லை, பூஜ்யம். நான் பெரிய மனது பண்ணி 38 கொடுத்தேன்.

அந்த அம்மாவைப் பற்றியும் சொல்கிறேன். அவருக்கும் வயசு இருக்கும், அவருக்கும் முட்டி இருக்கும். ஆறு மணிக்கு எழுந்து, லிஃப்ட் கிடைக்காமல் படியேறி வந்து, நிழல் விழும் பக்கம் எது என்று பார்த்து வைத்திருப்பார். அந்தக் கஷ்டத்துக்கு மதிப்பு இல்லையா? ஹாக்கர் சென்டரில் டிஷ்யூ பாக்கெட் வைத்த மேசையில் நாம் போய் உட்காருகிறோமா? சிங்கப்பூரில் அதற்கு 'சோப்' (chope) என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

செந்தூல் சிங்கம் (இரவு 11:05)

நிழல் விழும் பக்கம் வரைக்கும் தெரிகிறதே. அக்கா, அந்தச் செருப்பு யாருடையது?

ஜெலுத்தோங் ராஜா (இரவு 11:06)

நானும் அதையேதான் நினைத்தேன்.

தண்ணீர்மலை அக்கா (இரவு 11:13)

என்னுடையது இல்லை. நான் எப்போதும் ஜோடியாகத்தான் வைப்பேன்.

பிறை நைட் ஷிப்ட் (இரவு 11:20)

துண்டு அவர்களே தருவார்களா என்று கேட்டிருந்தேன். ஷிப்டுக்குக் கிளம்புகிறேன், யாராவது சொன்னால் வீட்டில் சொல்லிவிடலாம்.

கப்பல் மச்சான் (இரவு 11:22)

தருவார்கள் தம்பி. பல கப்பல்களில் அறை அட்டையில் பதிந்து கொடுப்பார்கள். திருப்பித் தராவிட்டால் உங்கள் கணக்கில் பணம் ஏறும். நாற்காலியில் போட்டுவிட்டுப் போனால், வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டாலும் உங்கள் கணக்குதான்.

ஜெலுத்தோங் ராஜா (இரவு 11:24)

நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. மடித்து வைத்தேன். எல்லோரும் கவனிக்கவும்.

தண்ணீர்மலை அக்கா (இரவு 11:25)

38-ஆவது நிமிடத்தில் மடித்து வைத்தார். எல்லோரும் கவனிக்கவும்.