நாம் செய்த மெஷினை மறுபடி நேரில் பார்த்த அனுபவம் உண்டா?

பட்டறைக்காரன், வேலந்தாவளம்:

மெஷினை இறக்கி, ட்ரையல் ஓட்டிக் காட்டி, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் நம் வேலை முடிந்தது. பழுது என்றால் ஃபோன் வரும். வராவிட்டால் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வோம். போன ஆடியில் வண்ணாமடைப் பக்கம் ஒரு நார் மில்லுக்கு, கன்வேயர் ஒன்றுக்கு அளவெடுக்கப் போனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நார்க்கழிவை அள்ளிக் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போனால், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் வரைந்து எங்கள் பட்டறையில் செய்த, தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் மெஷின் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் வாங்கியவர் விற்றுவிட்டார், இவர் செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கிறார். என்னுடையதுதான் என்று தெரிய ஒரு நிமிஷம் ஆனது. அவ்வளவு மாற்றியிருந்தார்கள்.

இந்த மெஷின் தெரியாதவர்களுக்காக: பொள்ளாச்சி தொடங்கி கொழிஞ்சாம்பாறை தாண்டியும் தென்னைதான். மட்டையை நனைத்து, கிரஷரில் நசுக்கி, டிரம்முக்குள் விடுவார்கள். நடுவில் ஷாஃப்ட், அதைச் சுற்றிக் கத்திகள், அடியில் கம்பிச் சல்லடை. அடிபட்ட கழிவு கம்பி இடுக்கு வழியாகக் கீழே விழும், நார் மறுமுனையில் வெளியே வரும். எங்களுடையது 50 எச்பி, நிமிஷத்துக்கு 1000 சுற்று.

முதலில் கண்ணில் பட்டது பெல்ட் கார்டு (பெல்ட்டை மூடும் காப்பு வலை) இல்லாததுதான். மோட்டார் புல்லி, டிரம் புல்லி, பெல்ட் எல்லாம் திறந்தபடி சுற்றுகின்றன, பக்கத்தில் ஆட்கள் கூடையோடு நடக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. சுற்றும் பாகத்துக்கு வேலி போட வேண்டும் என்று, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவே சொன்னது. "கார்டு எங்கண்ணா?" என்று கேட்டேன். முதலாளி மில்லுக்குப் பின்னால் கூட்டிப் போனார். நான் ஆங்கிள் வளைத்து, வலை வைத்து அடித்த கார்டு கோழிக்கூடாகக் கிடந்தது. வலைக்குப் பின்னால் ஐந்தாறு கோழிகள்.

"ஏனுங்க தம்பி, அதை மாட்டிட்டு பெல்ட்டை எப்படீங்க இழுத்துக் கட்டறது?"

அவர் கேட்டது நியாயம். புதுப் பெல்ட் போட்டால் முதல் சில நாளிலேயே இளகும், இழுத்துக் கட்டியாக வேண்டும். அதற்கு என் கார்டில் எட்டு போல்ட்டைக் கழற்ற வேண்டும். டிராயிங்கில் எட்டு போல்ட் என்பது எட்டு வட்டம், போடுவதற்கு இரண்டு நிமிஷம். தினமும் கழற்றுகிறவன் மூன்றாம் நாள் இரண்டு போல்ட்டோடு விடுவான், அடுத்த வாரம் கார்டே இருக்காது. இப்போது நாங்கள் கார்டைக் கீலில் தொங்கவிடுகிறோம். திறந்தால் மோட்டார் நிற்க லிமிட் சுவிட்ச். பெல்ட் இழுக்கும் போல்ட்டின் தலையைக் கார்டுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டோம். செலவு பெரிதில்லை. முதலிலேயே தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது பேரிங். ஷாஃப்ட் தொங்கக் கூடாது என்று பேரிங்கை டிரம்மின் பக்கத் தகட்டிலேயே ஒட்ட வைத்திருந்தேன், இரண்டு பேரிங்குக்கும் நடுவே 1200 மி.மீ. பேப்பரில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஷாஃப்ட் ஓட்டை வழியாக நார் வெளியே வந்து சுற்றிக்கொள்ளும், தூசியைத் தடுக்கும் சீல் அரிபடும், கழிவு உள்ளே போய் கிரீஸ் மண்ணாகும். முன்பு எனக்கு வந்த ஃபோனில் பாதி இதற்குத்தான். நான் ஒவ்வொரு தடவையும் "நல்ல கிரீஸ் போடுங்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த மில்காரர்கள் பக்கத்துக்கு 100 மி.மீ. வெளியே சேனலில் ஸ்டாண்டு அடித்து, நீளமான ஷாஃப்ட் கடைந்து, பேரிங்கைத் தூக்கி அங்கே வைத்துவிட்டார்கள். நடுவில் கை நுழையும் இடைவெளி. மெஷினை நிறுத்திவிட்டுக் கொக்கியால் நாரை இழுத்து எறிகிறார்கள்.

சரியான வைத்தியம், ஆனால் பாதிதான். ஷாஃப்ட் அதே 80 மி.மீ., லோடு ஏறினால் லேசாகக் குலுங்கியது. இங்கே நம் கணக்கு வேண்டும். தாங்கும் தூரம் கூடினால் தொய்வு மூன்றாம் அடுக்கில் கூடும். 1200 என்பது 1400 ஆனால் ஏறக்குறைய 60 சதம் அதிகம். விட்டம் கூடினால் தொய்வு நான்காம் அடுக்கில் குறையும். 80-ஐ 90 ஆக்கினால் அந்த 60 சதம் நேராகிவிடுகிறது. பேரிங் 22216-க்குப் பதில் 22218. (கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம், புதிதாக வரும் பையன்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித் தருவேன்.) நான் ஒன்பது வருஷமாகச் செய்யாத திருத்தத்தை அந்த மில்லில் நின்றுகொண்டே சிகரெட் அட்டையில் போட்டேன்.

மூன்றாவதாகப் பார்த்ததில்தான் அசந்துபோனேன். மெஷின் தூணில் காய்கறிக் கடைத் தராசு ஒன்று தொங்கியது. கத்தி தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவதில்லையாம். எதிரெதிர் கத்திகளை ஜோடியாகக் கழற்றி, எடை போட்டு, கனமானதைக் கிரைண்டரில் தேய்த்துச் சமமாக்கித்தான் மாட்டுவார்களாம். ஒவ்வொரு கத்தியிலும் பெயின்ட்டில் நம்பர். ஆரம்பித்து வைத்தவர் முன்பு அரிசி மில்லில் இருந்த ஒரு சேட்டன். "இல்லெங்கில் சாடும்" என்றார், அதாவது மெஷின் குதிக்கும். குதிக்கத்தான் செய்யும். 350 மி.மீ. ஆரத்தில் 100 கிராம் வித்தியாசம் இருந்தால், 1000 சுற்றில் அது 39 கிலோ கனத்தின் விசையோடு ஷாஃப்டை ஒரு பக்கம் இழுக்கும். சுற்று இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. நாங்கள் கோவையில் டைனமிக் பேலன்சிங் (சுழலவிட்டு எடையைச் சமன்செய்வது) செய்து, கத்தி மாட்டிய 250 கிலோ ஷாஃப்டுக்கு எடை வித்தியாசத்தை அந்த ஆரத்தில் மொத்தம் 43 கிராமுக்குள் நிறுத்தி அனுப்புவோம். முதல் கத்தி மாற்றியதுமே அது போய்விடும் என்பதை மெஷினோடு கொடுத்த தாளில் நான் எழுதவே இல்லை.

இப்போது ஆர்டர் வந்தால் முதலில் பழைய மெஷின் ஓடும் மில்லுக்கு ஒரு நடை போய், எதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள், எதை ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறக்கிறேன். உங்களுக்கு இப்படி ஏதாவது?

மரப் பேட்டர்ன்காரன், வாளையார்:

நான் மெஷின் செய்கிறவன் இல்லை, வார்ப்புக்கு மரத்தில் பேட்டர்ன் (மண்ணில் அச்சுப் பதிக்கும் மாதிரி) செய்கிறவன். என்னுடையதைப் பார்த்தது கஞ்சிக்கோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில். பெரிய வார்ப்புப் புல்லி, மேலே நம்பரில் ஒரு 5 தலைகீழாக. அதை ஒட்டியது நான்தான், தொழில் பழகிய முதல் வருஷம். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

கடைக்காரர் "ஆரக்கால் எதற்கு இப்படி வளைந்திருக்கிறது, பழைய காலத்து அலங்காரமா?" என்றார். அலங்காரம் இல்லை. வார்ப்பிரும்பு உறைந்த பிறகு ஆறும்போது மீட்டருக்கு 10 மி.மீ. அளவில் சுருங்கும். அதற்காகத்தான் நாங்கள் பேட்டர்னைப் பெரிதாகச் செய்கிறோம். எங்கள் ஸ்கேலே கொஞ்சம் நீளமானது. புல்லியில் விளிம்பு ஒரு வேகத்தில் ஆறும், நடுக்குடம் இன்னொரு வேகத்தில். ஆரக்கால் நேராக இருந்தால் இழுபட்டு விரிசல் விடும். வளைந்திருந்தால் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். அந்தப் புல்லியில் ஒரு விரிசல்கூட இல்லை. விலைக்குக் கேட்டேன், கிலோக் கணக்கில் சொன்னார். வீட்டில் வைக்க இடமில்லை என்று விட்டுவிட்டேன்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வெல்டர், சித்தூர்:

இது ஆந்திரச் சித்தூர், பாலக்காட்டுச் சித்தூர் இல்லை. இங்கே எல்லாம் மாங்கூழ். நான் வெல்டு வைத்த பல்ப்பர் (பழத்தைக் கூழாக்கும் மெஷின்) ஒன்றை குடியாத்தம் ரோட்டில் ஒரு ஃபேக்டரியில் பார்த்தேன். 304 ஸ்டீல், உள்ளே வெல்டு ஓரமெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக அரிப்பு. சீசன் முடிந்து பிளீச்சிங் பவுடர் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அலசாமலே மாதக்கணக்கில் போட்டிருக்கிறார்கள். குளோரின் எஸ்.எஸ்.ஸுக்கு ஆகாது. என் மேலும் தப்பு உண்டு. வெல்டு ஓரத்து நீலக் கறையை பிக்ளிங் பேஸ்ட் (கறை எடுக்கும் அமிலப் பசை) போட்டு எடுக்காமல் பஃப் (மெருகு) மட்டும் அடித்து அனுப்பிவிட்டேன். அரிப்பு அங்கேதான் பிடித்தது.

இன்னொன்று. வாங்க வருகிறவர்கள் காந்தம் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்து "ஒட்டவில்லை, 304-தான்" என்று போய்விடுகிறார்கள். 202 என்ற வேறு ரக எஸ்.எஸ்.ஸிலும் காந்தம் ஒட்டாதுங்க. ரகம் காட்டும் மருந்துச் சொட்டு விட்டுப் பாருங்கள்.

மில் ஃபிட்டர், மீனாட்சிபுரம்:

பட்டறைக்கார அண்ணா, கார்டு, பேரிங் எல்லாம் சரி. கத்தி போல்ட் எம்16 (16 மி.மீ. போல்ட்), பக்கத்திலேயே மூடி போல்ட் எம்20. 24 ஸ்பேனர் ஒன்று, 30 ஸ்பேனர் ஒன்று. கழிவுக்குள் ஒன்று விழுந்தால் அன்றைக்கு ஷிஃப்ட் அதைத் தேடுவதிலேயே போகும். எல்லாவற்றையும் ஒரே சைஸில் வைத்தால் என்ன?

பட்டறைக்காரன், வேலந்தாவளம்:

வைக்கலாம் தம்பி. மூடியில் இரண்டு போல்ட் சேர்த்தால் எம்16 போதும், அடுத்த டிராயிங்கில் மாற்றிவிடுகிறேன். அப்புறம், அந்தப் பழைய கார்டைக் கொடுங்கள், கீல் வைத்துத் திருப்பித் தருகிறேன் என்று மில்காரரிடம் போன வாரம் கேட்டேன். கோழி அடை உட்கார்ந்திருக்கிறது, 21 நாள் கழித்து வாங்க என்றார்.