புதுப்பிப்பு: எஸ்.பி.ஈ 10 மாதிரியில் நேரப்படி சிதறியது சரியாகிவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றி. ஓ.பி.எம் ஃப்ளோ என்ற எண்ணெய்த் தேக்கக் கணிப்பு மென்பொருளில், எஸ்.பி.ஈ 10 என்ற பொதுச் சோதனைக் கணக்கின் இரண்டாம் மாதிரியை (60×220×85 கட்டங்கள்) ஓட்டினால் நேரப்படி (ஒரு தடவையில் கணக்கிடும் கால அளவு, டைம்ஸ்டெப்) திரும்பத் திரும்பத் துண்டாகி, ஓட்டம் நகரவே இல்லை என்று கேட்டிருந்தேன்.

அதிகபட்ச நேரப்படியைக் குறைத்ததில் பெரிய பலன் இல்லை, மெதுவானதுதான் மிச்சம். தீர்த்தது 'மின்பிவி' (MINPV) யோசனை: துளைப் பருமன், அதாவது திரவம் தங்கும் இடம், ஒரு வரம்புக்குக் கீழே உள்ள கட்டங்களைக் கணக்கிலிருந்து நீக்கும் அமைப்பு அது. ஒரு கட்டம் 20×10×2 அடி, அதாவது சுமார் 71 பீப்பாய். நுண்துளைமை (பாறையில் துளைகளின் பங்கு) 0.001 என்றால் துளைப் பருமன் வெறும் 0.07 பீப்பாய். நடுக்கிணற்றில் நாளுக்கு 5000 பீப்பாய் தண்ணீர் இறங்கும்போது, அந்தப் பொடிக் கட்டம் ஒரே படியில் பலமுறை நிரம்பி வழிகிறது. ஒவ்வொரு படியிலும் விடையைத் தேடும் நியூட்டன் சுற்று ஒருங்காது, அதாவது ஒரு விடையில் வந்து நிற்காது. மின்பிவியின் இயல்பு வரம்பு மிகச் சிறியது என்பதால் இந்தக் கட்டங்கள் தானாக நீங்குவதில்லை. மின்பிவியை 0.07 ஆக்கியதும் 2000 நாளும் ஒழுங்காக ஓடியது. மொத்தத் துளைப் பருமன் கிட்டத்தட்ட மாறவில்லை.

எதிர்பாராதது ஒன்று: ஆசைப்பட்டு வரம்பை 1 பீப்பாய்க்கு ஏற்றினால் வேகம் கூடுகிறது, ஆனால் மூலையில் எண்ணெய் எடுக்கும் கிணறு ஒன்றில் தண்ணீர் வரும் நேரமே மாறிவிடுகிறது. கீழுள்ள 50 அடுக்குகள் ஆற்றுக் கால்வாய்ப் படிவுகள். அங்கே அடுக்குகளுக்கு இடையிலான செங்குத்து இணைப்பு அறுந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். அதனால் வரம்பை உயர்த்துபவர்கள் நீர்வரத்து வளைவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.