திரையில் ஒரு வார்டு: கூடி வேலை செய்ய இது கற்றுத்தருமா?

மருந்தகத் தம்பி (டர்பன், தென்னாப்பிரிக்கா):

வணக்கம். நான் பார்மசி நான்காம் ஆண்டு. போன வாரம் எங்களுக்கு மெய்நிகர் வார்டுப் பயிற்சி நடந்தது, அதாவது திரையில் வரும் கற்பனை நோயாளியை எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து பார்ப்பது. மருத்துவம், நர்சிங், பிசியோ, பார்மசி என்று துறைக்கு ஒருவர். மூன்று பேர் லேப்டாப்பில், ஒருவர் போனில். திரையில் முப்பத்தைந்து வயதுப் பெண். எச்ஐவிக்கு மூன்று மருந்து சேர்ந்த டிஎல்டி மாத்திரை சாப்பிடுகிறார். காசநோயும் வந்து, அதற்கான ரிஃபாம்பிசின் மருந்து தொடங்கியாகிவிட்டது. மருத்துவ மாணவர் பழைய மருந்து அப்படியே தொடரட்டும் என்று எழுதிவிட்டார்.

ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கிவிடும். டிஎல்டியில் இருக்கும் டோலுடெக்ராவிர் சீக்கிரம் வெளியேறி இரத்தத்தில் அதன் அளவு குறைந்துவிடும். அதனால் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் கொடுக்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பாடம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்று வாய் வரவில்லை. மைக்கை மூடிக்கொண்டு நாலு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நர்சிங் மாணவிதான் "பார்மசி, நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்று இழுத்துவிட்டார்.

வீட்டில் அண்ணன் "கேம் ஆடித்தான் மருந்து கொடுக்கப் போறியா" என்று கேலி செய்கிறான். எனக்குப் பயன் இருப்பதாகத்தான் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய சிஸ்டர் (டோங்காட்):

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் உங்கள் அண்ணன் பக்கம். மாகாண ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் வார்டில் நின்றவள் சொல்கிறேன்.

புதிதில் ஓர் இரவு டியூட்டி. இன்சுலின் சீட்டில் 100 என்று இருந்தது. சிரிஞ்சில் ஏற்றினேன். ஏறிக்கொண்டே போய்ச் சிரிஞ்சு நிறைந்துவிட்டது. அப்போதுதான் கை நின்றது. ஒரு ஆளுக்கு ஒரே வேளையில் இவ்வளவா? டாக்டர் எழுதியது 10 யூனிட். யூனிட்டுக்குப் போட்ட யூ எழுத்தின் வாய் மூடிக்கொண்டு சுழியமாகி நின்றது. போன் செய்து கேட்டால், "படிக்கத் தெரியாதா?" என்று கத்தினார். அந்தக் கத்தலுக்குப் பயந்துதான் பாதி நர்சுகள் போனையே எடுக்கமாட்டார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் கத்துகிற டாக்டர் உண்டா? எல்லாரும் ஒரே வயதுப் பிள்ளைகள், ஆளுக்கொரு அறையில் டீ குடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். வார்டு அப்படி இருக்காது.

வெருலம் பிசியோ:

சிஸ்டர், உங்கள் கதையை எங்கள் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். அந்த டாக்டரும் நீங்களும் மாணவப் பருவத்தில் ஒரு நாளாவது சேர்ந்து உட்கார்ந்திருந்தால் போனில் அந்தக் கத்தல் வந்திருக்குமா?

சேர்ந்து கற்பது என்றால் ஒரே ஹாலில் ஒரே பாடத்தைக் கேட்பது இல்லை. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழிலைப் பற்றி, அவரிடமிருந்தே, அவரோடு சேர்ந்து கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டிச் சட்டகம் சொல்கிறது. சொல்லிவிடலாம், நடத்துவது எங்கே? குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தையே பாருங்கள். மருத்துவம் ஒரு வளாகம், நர்சிங் ஹோவர்ட் காலேஜ், பார்மசியும் பிசியோவும் வெஸ்ட்வில். நாலு கால அட்டவணையையும் ஒரு மத்தியானத்தில் சேர்ப்பதற்குள் வருடம் முடிந்துவிடும். திரை என்றால் பஸ் வேண்டாம்.

இன்னொன்று. நம் நாட்டில் படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் சமூக சேவை கட்டாயம். டாக்டர்களுக்கு 1998-லிருந்தே உண்டு, அப்புறம் மற்றவர்களுக்கும் வந்தது. வடக்கே ஏதாவது கிராம ஆஸ்பத்திரியில் போட்டால் பிசியோ நான் ஒருத்திதான், சில இடத்தில் அதுவும் இல்லை. பக்கத்தில் இல்லாத ஆளின் வேலை என்னவென்று தெரியாதவர் அங்கே என்ன செய்வார்?

லோட்ஷெடிங் லோகு:

லோட்ஷெடிங், அதான் முறை வைத்து வரும் மின்வெட்டு, கடுமையான ஸ்டேஜ் 6-க்குப் போனால் திரை நோயாளியின் கதி என்ன, அதையும் சொல்லிவிடுங்கள். டேட்டா தீர்ந்த மாணவர் வார்டை விட்டு ஓடிப்போனவரா?

நிழல்மரம் (பிரிட்டோரியா, டாக்டர்):

லோகு சிரிக்க வைத்தாலும் விஷயம் இருக்கிறது. போனில் சேர்ந்தவர் யார் என்று பாருங்கள். அநேகமாக லேப்டாப் வாங்க வசதி இல்லாத மாணவராக இருப்பார். வார்டில் கடைசியில் நிற்கப் போகிறவரும் அவரேதான்.

என் சந்தேகம் வேறு. இந்தப் பயிற்சிகள் எதை அளக்கின்றன? பெரும்பாலும் முடிந்த கையோடு ஒரு படிவம்: "குழுவாக வேலை செய்வதில் எனக்கு நம்பிக்கை கூடியது", ஒன்றிலிருந்து ஐந்து வரை. எல்லாரும் நாலு போடுவார்கள். நோயாளிக்கு என்ன ஆனது என்பது அதில் வராது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013-ல், இப்படிப் பல துறையினர் சேர்ந்து கற்கும் பல்துறைக் கல்வி குறித்து 15 ஆய்வுகளைத் தொகுத்தது. 7-ல் நல்ல பலன், 4-ல் கலப்பு, 4-ல் ஒரு மாற்றமும் இல்லை. அதுவும் இந்தத் திரை விஷயத்தைப் பற்றிய தொகுப்பு அல்ல. இவ்வளவு ஆதாரத்தோடு ஒரு புது மாத்திரை வந்தால் எழுதிக்கொடுப்பேனா? யோசிப்பேன்.

வெருலம் பிசியோ:

யோசியுங்கள் டாக்டர், வேண்டாம் என்று சொல்லவில்லையே. 15-ல் 7 என்பதை நான் கையில் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பேசும் முறையைச் சொல்லித்தரலாம் என்பதில்கூடவா சந்தேகம்? எஸ்பார் இருக்கிறது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, நான் கேட்பது என்று நாலு வரியில் போனில் சொல்லும் முறை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. சொன்னதைக் காதில் வாங்காவிட்டால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டும் என்று ஒரு விதியும் பழக்குகிறார்கள்.

பழைய சிஸ்டர்:

இரண்டாம் முறை சொல்ல விதி போதாது அம்மா, நெஞ்சு வேண்டும். அன்று நான் சொன்னேன்தான். ஆனால் கை நடுங்கியது, சிரிஞ்சைத் தட்டில் வைக்கும் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

மருந்தகத் தம்பி:

சிஸ்டர், நீங்கள் சொன்ன நடுக்கம் எனக்குத் திரையிலேயே வந்தது. அதனால்தான் எழுதினேன். எதிரில் இருந்தவர் பெரிய டாக்டர்கூட இல்லை, என் வயதுப் பையன்.

எனக்கு மனசில் நின்றது பயிற்சி இல்லை, அது முடிந்த பிறகு நடந்த பேச்சு. முக்கால் மணி நேரம். ஆசிரியர் அந்த நாலு நிமிடத்தை மறுபடி ஓடவிட்டார். என் படத்தின் மூலையில் மைக் சிவப்புக் கோட்டோடு தெரிகிறது. மருத்துவ மாணவரிடம் "அப்போது என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டார். அவர் சொன்னது: "பார்மசிக்காரர் பேசவில்லை, அதனால் டோஸ் சரி என்று நினைத்தேன்." நான் நினைத்தது: "அவர் இவ்வளவு உறுதியாக எழுதுகிறாரே, என்னவோ காரணம் இருக்கும்." நான் பேசாமல் இருந்ததை அவர் சம்மதமாகவும், அவர் எழுதிய வேகத்தை நான் அறிவாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நிஜ வார்டில் இதை யாரும் ஓடவிட்டுக் காட்டமாட்டார்கள்.

நிழல்மரம்:

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். ரவுண்டில் எனக்கு முன் யாரும் வாய் திறக்காதபோது எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நானும் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். இதை எழுதும்போது கொஞ்சம் கூசுகிறது. ஆனால் அப்படியானால் அந்த முக்கால் மணி நேரம்தானே மருந்து? விலை உயர்ந்த மென்பொருள் எதற்கு, ஒரு சாதாரண வீடியோ காலில் செய்யக்கூடாதா? அப்புறம், மாணவர்களோடு மாணவர்களை மட்டும் சேர்க்காமல் எங்களைப் போன்ற சீனியர்களையும் உட்கார வையுங்கள். கத்துகிறவர்களுக்குத்தான் முதலில் பயிற்சி வேண்டும்.

பழைய சிஸ்டர்:

டாக்டர் வாயிலிருந்து இது வந்ததே, கோவிலுக்கு ஒரு தேங்காய்.

இன்னொரு குறையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் திரை நோயாளி என்ன மொழி பேசுகிறார் தம்பி? சுத்தமான இங்கிலீஷாகத்தான் இருக்கும். என் வார்டில் வந்த கோகோக்கள், அதான் சுலு பேசும் பாட்டிகள், பாதி சுலு, பாதி சைகை. மாத்திரைகளை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு எடுத்து வருவார்கள். மூன்று கிளினிக் மாத்திரை, ஒரு பக்கத்து வீட்டு மாத்திரை, அடியில் வேர்மருந்து. டப்பாவைத் திறக்கச் சொல்லிக் கேட்பது யார் வேலை? டாக்டர் நர்ஸ் கேட்பார் என்பார், நர்ஸ் பார்மசி கேட்கும் என்பார்.

மருந்தகத் தம்பி:

எங்கள் பயிற்சியில் மருந்துப் பட்டியல் தானாகவே திரையில் வந்துவிடுகிறது, சிஸ்டர். டப்பா இல்லை. ஆசிரியரிடம் சொல்கிறேன். அடுத்த மாதம் நோயாளியாகப் பேச வெளியிலிருந்து ஒருவர் வேண்டும் என்றார். நீங்கள் வருவீர்களா? வீட்டிலிருந்தே பேசலாம்.

பழைய சிஸ்டர்:

திரையில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. பேரனை விட்டு லேப்டாப்பைத் திறக்கச் சொல்கிறேன். கோகோவாகவே பேசுகிறேன், சுலுவும் எனக்கு வரும். ஆனால் டப்பா மடியில்தான் இருக்கும். கேட்காமல் திறக்கமாட்டேன்.