கதிரியக்கவியல் முதுநிலைப் படிப்பிற்கு எந்த மடிக்கணினி?

முதலாண்டு மாணவி:
எம்.டி. கதிரியக்கவியலில் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. 2017இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தபோது அப்பா வாங்கித் தந்த மடிக்கணினியையே இன்றும் பயன்படுத்துகிறேன். ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ரேம், ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. வயிற்று சி.டி. ஸ்கேன் படங்களைத் திறந்து உருட்டத் தொடங்கினால் சில நிமிடங்களில் உறைந்துவிடுகிறது. கடைக்காரர் தனி கிராபிக்ஸ் அட்டை கொண்ட கேமிங் மடிக்கணினியை வலியுறுத்துகிறார். உடன் படிப்பவர்களோ மேக்புக் ஏர் போதும் என்கிறார்கள். அப்பாவின் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியும் இதில் சேர்வதால் தவறாக வாங்கிவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். வழிகாட்டுங்கள்.

மூன்றாமாண்டு மாணவி:
தங்கையே, கடைக்குப் போகும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள். படங்களைக் குறுந்தகட்டிலிருந்து நேரடியாகத் திறக்காமல் கணினியில் நகலெடுத்துக்கொண்டு திறந்து, அப்போது டாஸ்க் மேனேஜரில் நினைவகமும் (ரேம்) வட்டும் எவ்வளவு நிரம்புகின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

முதலாண்டு மாணவி:
பார்த்தேன் அக்கா. நகலெடுத்த பிறகு திறப்பது விரைவாகிறது. ஆனால் குறுக்கு, நெடுக்கு வெட்டுகளாக மாற்றிப் பார்க்கும்போது நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது, வட்டு 100இலேயே நிற்கிறது.

மூன்றாமாண்டு மாணவி:
அப்படியானால் குறை கிராபிக்ஸ் அட்டையில் இல்லை. ஒரு சி.டி. வெட்டு 512 x 512 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு பைட்டு, ஆக அரை எம்.பி.; மெல்லிய வெட்டுகள் ஆயிரம் இருந்தால் மாறுபாட்டு மருந்து செலுத்தியபின் படமெடுக்கும் ஒரு கட்டத்திற்கே ஏறத்தாழ 500 எம்.பி., தமனி, போர்ட்டல் சிரை, தாமதக் கட்டம் என மூன்றையும் சேர்த்தால் ஒன்றரை ஜி.பி. ஆகிறது. வேறு திசையில் வெட்டிக் காட்ட அத்தொகுப்பு முழுவதும் ரேமில் இருக்க வேண்டும்; இடம் போதாதபோது கணினி மெதுவான ஹார்டு டிஸ்கைத் துணைக்கு அழைக்கிறது, நீங்கள் பார்க்கும் உறைநிலை அதுதான்.

ரேமைக் கூட்டி, ஹார்டு டிஸ்குக்குப் பதில் விரைவான எஸ்.எஸ்.டி. வட்டைப் பொருத்தினால் இது சரியாகும். எனினும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. மடிக்கணினிகளுக்கான ஏழாம் தலைமுறை ஐ5 செயலிகள் விண்டோஸ் 11க்கான ஆதரவுப் பட்டியலிலும் இல்லை. நோயாளிகளின் படங்களை வைத்திருக்கும் கணினி என்பதால் புதிதே வாங்குங்கள்.

16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 14 அங்குலத் திரை, ஒன்றரைக் கிலோவுக்குள் எடை, யு.எஸ்.பி. சி வழி மின்னேற்றம் ஆகியவை போதும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுவதால் பின்னர் கூட்ட முடியாது. ஆகவே 8 ஜி.பி.யில் மட்டும் சமரசம் வேண்டாம். கேமிங் மடிக்கணினியின் எடை பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டும், அதன் மின்னேற்றி தனிச் சுமை. இரவுப் பணியில் அல்ட்ராசவுண்டு அறைக்கும் சி.டி. அறைக்கும் நடக்கும்போது அது தெரியும். மேக் வாங்கினாலும் தவறில்லை. ஸ்கேன் படங்களைப் பார்க்கும் மென்பொருளான ரேடியன்ட் விண்டோஸில் மட்டுமே இயங்கும், மேக்கில் அதே வேலைக்கு ஹோரோஸ் இலவசமாகக் கிடைக்கிறது. எதை வாங்கினாலும் அது கற்பதற்கே. அறிக்கையைத் துறையின் அளவுதிருத்திய திரையில்தான் எழுத வேண்டும்.

சமூக மருத்துவ ஆசிரியர்:
தீசிஸைப் பொறுத்தவரை புள்ளியியல் மென்பொருள்களான எஸ்.பி.எஸ்.எஸ்., இலவசமான ஜமோவி இரண்டுமே விண்டோஸ், மேக் இரண்டிலும் இயங்கும். சில நூறு நோயாளிகளின் தரவுக்கு எந்தப் புதிய கணினியும் போதும். நான் மாணவர்களிடம் மன்றாடிக் கேட்பது வேறு: வட்டுக் குறியாக்கத்தை முதல் நாளே இயக்குங்கள், பெயர் நீக்கிய படங்களை மட்டுமே சேமியுங்கள். டைகாம் எனும் மருத்துவப் படக் கோப்பின் தலைப்பிலுள்ள பெயரை மென்பொருள் நீக்கிவிடும். ஆனால் அல்ட்ராசவுண்டு படத்தின் மேலேயே பெயர் பதிந்திருந்தால் அது அப்படியே நிற்கும், அதைத் தனியே மறைக்க வேண்டும். தீசிஸின் பிரதி ஒன்று எப்போதும் கணினிக்கு வெளியே இருக்கட்டும்.

முதலாண்டு மாணவி:
நன்றி அக்கா, நன்றி ஐயா. 16 ஜி.பி. ரேமுடன் எடை குறைந்த விண்டோஸ் கணினியையே வாங்கப் போகிறேன். பழையதைத் தம்பிக்குக் கொடுக்கலாமா?

மூன்றாமாண்டு மாணவி:
கொடுக்கலாம். ஆனால் அதில் நோயாளிகளின் படங்கள் இருந்திருப்பதால் கோப்புகளை அழிப்பது போதாது. ஹார்டு டிஸ்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு, புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திக் கொடுங்கள்.