ஜிம்னியை 2 அங்குலம் தூக்கணும்: ஸ்பிரிங்கா, பாடி லிஃப்டா?

ஈசூன்காரன்:
வணக்கம். சிங்கப்பூரில் என்னிடம் இருப்பது 2019 சுசுகி ஜிம்னி, ஜேபி74 மாடல். வார நாட்களில் வேலைக்கு, மாதம் ஒரு முறை ஜொகூரில் காஹாங் பக்கம் மாமா வீட்டுக்கு. கடைசி மூன்று கிலோமீட்டர் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை. லாரிச் சக்கரங்கள் இரண்டு பக்கமும் பள்ளம் பறித்து, நடுவில் எருமை முதுகு மாதிரி ஒரு மேடு. போன மழைக்குப் பிறகு அந்த மேட்டில் அடிப்பக்கம் இரண்டு தடவை கர்ரென்று தேய்த்தது. பக்கத்தில் இருந்த அம்மா "முருகா!" என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

காக்கி புக்கிட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தேன். ஸ்பிரிங், ஷாக் எல்லாம் மாற்றி 2 அங்குலம் தூக்க ஒரு விலை. பாடிக்கும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிசுக்கும் நடுவில் கட்டை கொடுத்து (பாடி லிஃப்ட்) அதே 2 அங்குலம் தூக்கினால் பாதிக்கும் குறைவு. "ரெண்டும் ஒரே உயரம்தான் பாஸ்" என்கிறார். மலிவானதையே செய்துவிடலாமா? அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இதில்தான் வருகிறார். இப்போதே கைப்பிடியில் தொங்கித்தான் ஏறுகிறார்.

பழைய ஜேபி43:
தம்பி, ஒரே உயரம் என்பது கூரைக்குப் பொருந்தும். தரையில் தேய்வது கூரை இல்லையே.

பாடி லிஃப்டில் சேசிஸ், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எதுவும் ஒரு மயிரிழைகூட மேலே போகாது. உடம்பு மட்டும் எழும். பெரிய டயருக்கு மட்கார்டில் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். கூடவே ஸ்டீயரிங் தண்டு, கியர் லிவர், பாடிக்கும் சேசிசுக்கும் நடுவில் ஓடும் குழாய்கள், எர்த் வயர் எல்லாம் இழுபடும். அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் மாற்றினால் சேசிஸ் மேலே போகும். ஆனால் உன் வண்டியில் முன்னும் பின்னும் நேர் ஆக்ஸில், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு. ஆக்ஸில் டயரோடு நிற்பது. எவ்வளவு நீள ஸ்பிரிங் போட்டாலும் அந்த ஆக்ஸிலில் தொங்கும் டிஃப் உருண்டை (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பகுதி) இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான். உன் 195/80ஆர்15 சுமார் 693 மில்லிமீட்டர் விட்டம். 235/75 போட்டால் 733. அதில் பாதி, 20 மில்லிமீட்டர்தான் டிஃபுக்குக் கிடைக்கும். முழுத் திருப்பத்தில் உரசலாம். ஸ்பீடோமீட்டரும் ஏறக்குறைய 6 சதவீதம் குறைத்துக் காட்டும்.

அதனால் முதலில் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படு. கீறல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல். அப்புறம் பர்ஸைத் திறக்கலாம்.

என் கதை: பழைய ஜிம்னிக்கு 2 அங்குல ஸ்பிரிங் மட்டும் போட்டுத் தந்தார்கள். காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) குறைந்ததை யாரும் சரிசெய்யவில்லை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 90இல் ஒரு சின்ன மேடு, ஸ்டீயரிங் கையில் உதறியது பார், தண்ணீர் பம்பைப் பிடித்த மாதிரி. பாதி வேகத்துக்கு இறக்கித்தான் நின்றது. காஸ்டர் புஷ் மாற்றி, ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்ததற்கு அதைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கும், நீளம் கூட்டிக் குறைக்கும் பேன்ஹார்ட் ராடும் போட்ட பிறகுதான் நிம்மதி. ஸ்பிரிங் லிஃப்டுக்கு விலை கேட்டால் இவற்றையும் சேர்த்துக் கேள்.

உட்லண்ட்ஸ் வாசி:
பணம் கட்டுவதற்கு முன்னால் எல்டிஏவிடம் (நிலப் போக்குவரத்து ஆணையம்) எழுதிக் கேளுங்கள். அனுமதி தேவையில்லாத மாற்றம், அனுமதி வாங்க வேண்டியது, அறவே கூடாதது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்காரரின் வாய்ச்சொல் இன்ஸ்பெக்‌ஷன் லேனில் செல்லாது. உங்கள் சிஓஇ (வண்டி வைத்திருக்கும் பத்தாண்டு உரிமை) 2029இல் முடிகிறது. புதுப்பிப்பீர்களா என்று தெரியாத வண்டியில் எத்தனை ஆயிரம் வெள்ளி போடுவது என்றும் யோசியுங்கள்.

ஈசூன்காரன்:
படுத்துப் பார்த்தேன். புளோக் கார்பார்க்கில் அண்டை வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டுவிட்டார். சேசிஸ் சுத்தமாக இருக்கிறது. பின் டிஃபின் அடியில் பளபளவென்று கீறல், பின் ஷாக் கீழே மாட்டும் பிராக்கெட்டிலும் கொஞ்சம்.

பழைய ஜேபி43:
இரண்டும் ஆக்ஸிலோடு இருப்பவை. எந்த லிஃப்டும் தொடாது. பள்ளத்துக்குள் சக்கரத்தை விடாதே. ஒரு பக்கச் சக்கரத்தை அந்த மேட்டின் மேல் ஏற்று, மறு பக்கத்தைப் பாதை ஓரத்தில் வை, பள்ளம் வண்டிக்கு அடியில் போகட்டும். லோ ரேஞ்சில் (நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவான கியர்) நடை வேகம். வழுக்கினால் மட்டும் கஷ்டம், அதனால் அடை மழையன்று போகாதே.

ஈசூன்காரன்:
நேற்று போய்வந்தேன். ஒரு சத்தமும் இல்லை. வண்டி சாய்ந்ததும் அம்மா கத்துவார் என்று பார்த்தேன். "உன் தாத்தா தோட்டத்து லாரியை இப்படித்தானே ஓட்டுவார்" என்கிறார்! முன்னாலேயே சொல்லியிருக்கலாம். மிச்சப்பட்ட காசில் தேக்காவில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலி வாங்கியாச்சு, அம்மா ஏறுவதற்கு. நாலரை வெள்ளி.