மெக்டவல் கவுண்டியின் மீடியன் வீட்டு வருமானம்: கோடு ஏன் உடைகிறது?

ஆற்றுமணல்:
வணக்கம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியில் உள்ள மெக்டவல் கவுண்டி பற்றிப் பாடத்துக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். நிலக்கரி ஊர். 1950-இல் கிட்டத்தட்ட 99 ஆயிரம் பேர் இருந்த இடத்தில் 2020 கணக்கெடுப்பில் 19,111 பேர்தான். மீடியன் வீட்டு வருமானம் (வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம்) 20 ஆண்டுகளில் எப்படிப் போனது என்று ஒரே கோடாக வரைய வேண்டும்.

2000 சென்சஸ் எண்ணை (16,931 டாலர்) 2000-இல் வைத்தேன். 2001 முதல் 2006 வரை சென்சஸ் பீரோவின் எஸ்ஏஐபிஇ (கவுண்டி போன்ற சிறு பகுதிகளின் வருமான, வறுமை மதிப்பீடு). அப்புறம் ஏசிஎஸ் (அதே பீரோவின் அமெரிக்கச் சமூக ஆய்வு) ஐந்தாண்டுத் தொகுப்புகள்: ஒவ்வொன்றையும் அதன் நடு ஆண்டில் வைத்து, அந்த ஆண்டின் விலைக் குறியீட்டால் 2019 டாலருக்கு மாற்றினேன். ஒட்டுப்போட்ட இடமெல்லாம் கோடு உடைகிறது. எங்கே தப்பு?

பழைய கால்குலேட்டர்:
மூன்று இடத்தில்.

ஒன்று, 2000 சென்சஸ் கேட்டது 1999-இல் வந்த வருமானத்தை. அதை 2000 என்று எடுத்தால் குறியீடும் மாறிவிடும். 1999-இல் சிபிஐ (நுகர்வோர் விலைக் குறியீடு) 166.6, 2000-இல் 172.2, 2019-இல் 255.7. சரியாகப் போட்டால் 16,931 என்பது 2019 டாலரில் சுமார் 25,980. உங்கள் முறையில் 25,140 வந்திருக்கும். 840 டாலர் அங்கேயே போச்சு.

இரண்டு, ஏசிஎஸ் ஐந்தாண்டு எண் ஏற்கெனவே கடைசி ஆண்டின் டாலரில்தான் வருகிறது. 2005–09 தொகுப்பு என்றால் 2009 டாலர். நீங்கள் 2007 குறியீட்டால் மாற்றியதால் இரண்டு ஆண்டு விலைவாசியை இரண்டாம் முறை ஏற்றிவிட்டீர்கள். வரைபடத்தில் நடு ஆண்டில் வைப்பது உங்கள் இஷ்டம். டாலர் மட்டும் கடைசி ஆண்டு.

மூன்றாவது உங்கள் தப்பு இல்லை. எஸ்ஏஐபிஇ 2004 வரை வேறொரு ஆய்வை (சிபிஎஸ்) அடிப்படையாக வைத்தது, 2005 முதல் ஏசிஎஸ். அந்த ஆண்டு எல்லையைத் தாண்டி ஒப்பிடாதீர்கள். இன்னொன்று, அது நேரடி எண்ணிக்கை இல்லை, கணித மாடல் வைத்துச் செய்யும் கணிப்பு. வருமான வரிக் கணக்கு, உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை போன்றவற்றையும் சேர்த்துக் கணிக்கிறார்கள். சின்னக் கவுண்டியில் ஆய்வுக்கு அகப்படும் வீடுகள் குறைவு, அதனால் மாடலின் கைதான் ஓங்கும்.

சும்மாபார்ப்பவன்:
இவ்வளவு எதற்கு? எல்லாத் தொகுப்புக்கும் மூன்று புள்ளி நகரும் சராசரி போட்டால் கோடு வழவழவென்று வந்துவிடுமே.

பழைய கால்குலேட்டர்:
வரும், அதுதான் ஆபத்து. 2014–18 தொகுப்புக்கும் 2015–19 தொகுப்புக்கும் நான்கு ஆண்டு பொது. ஏற்கெனவே குழைந்ததை இன்னும் குழைப்பானேன்? ஆற்றுமணல், ஒன்றோடொன்று மேலே விழாத 2005–09, 2010–14, 2015–19 மூன்றை மட்டும் எடுங்கள். கூடவே வரும் பிழை வரம்பையும் (சில வீடுகளை மட்டும் கேட்பதால் எண் எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற ± அளவு) பாருங்கள், அது 90% நம்பிக்கை அளவில் தரப்படுவது. ஒரு பேச்சுக்கு 25,000 ± 2,000, 27,000 ± 2,500 என்று இரண்டு எண் இருந்தால், வித்தியாசத்தின் பிழை வரம்பு சுமார் 3,200 (இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள்). 2,000 டாலர் ஏற்றம் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஏறியது என்று எழுத முடியாது.

ஆற்றுமணல்:
நன்றி அண்ணா. டாலரைத் திருத்தியதும் ஒரு முறிவு பாதியாகக் குறைந்துவிட்டது. பிழை வரம்பைச் சின்னதாக்க, பக்கத்து வயோமிங் கவுண்டியையும் சேர்த்து இரண்டு மீடியனுக்கும் சராசரி எடுக்கலாமா?

பழைய கால்குலேட்டர்:
சேர்க்கலாம், மீடியன்களைச் சராசரி எடுக்கக் கூடாது. ஏசிஎஸ்ஸின் பி19001 அட்டவணையில் 16 வருமானப் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு என்று. இரண்டு கவுண்டியையும் பெட்டிக்குப் பெட்டி கூட்டுங்கள். மொத்தம் 10,000 வீடுகள், 25,000 டாலருக்குக் கீழே 4,600, அடுத்த 25,000–29,999 பெட்டியில் 1,000 என்று வைத்துக்கொள்வோம். நடு வீடு 5,000-ஆவது. அந்தப் பெட்டிக்குள் 400 வீடு உள்ளே போக வேண்டும், 1,000-இல் 400, ஆக 25,000 + 2,000 = 27,000. பெட்டி அகலமாக ஆக இந்த நேர்கோட்டுக் கணக்கு கொஞ்சம் நொண்டும், சமாளிக்கலாம்.

சும்மாபார்ப்பவன்:
சரி, நான் வாபஸ். தலா வருமானத்தையே எடுத்தால்கூட இந்தத் தொல்லை இல்லையே?

பழைய கால்குலேட்டர்:
அங்கே வேறு தொல்லை. மெக்டவலில் 2010 முதல் மத்திய அரசின் சிறை ஒன்று இருக்கிறது. கைதிகள் வீட்டுக் கணக்கில் வர மாட்டார்கள், தலா வருமானத்தின் வகுக்கும் எண்ணில் வந்துவிடுவார்கள். ஊரில் ஒருவர் சம்பளமும் குறையாமலேயே எண் இறங்கும்.

ஆற்றுமணல்:
புரிந்தது. கடைசியாக ஒன்று: மீடியன் உண்மையிலேயே ஏறியிருந்தால் ஊர் தேறியது என்று எழுதலாமா?

பழைய கால்குலேட்டர்:
அதற்கு முன் மக்கள்தொகையைப் பக்கத்தில் வையுங்கள். 2000-இல் 27,329, 2010-இல் 22,113, அப்புறம் நீங்கள் சொன்ன 19,111. வேலையில்லாதவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாலும் மீடியன் ஏறும். மூன்று புள்ளி, மூன்றுக்கும் பிழைக் கம்பி, கீழே மக்கள்தொகை. எஸ்ஏஐபிஇ வேண்டுமானால் 2005 முதல் தனிக் கோடாகப் போடுங்கள், ஒட்டுப்போடாதீர்கள்.

ஆற்றுமணல்:
அப்படியே செய்கிறேன். வாத்தியார் ஒரே கோடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இந்த இழையைக் காட்டிவிடுகிறேன்.